எட்டேகால் மணி இடாப்பு

என் முதலாவது ஆண்டில் நான் ஒரு வகுப்பையே இல்லாமலாக்கப் பார்த்தேன். சோம்பேறித்தனத்தால் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். நான் செய்தது அளவுக்கு மீறிய ஒழுங்கினால். இப்போது புது நியமனக் கடிதத்தோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டாம் மாதமே என் வீட்டு வாசலில் வந்து நின்று, "டீச்சர், எனக்கு இது சரிவராது போல இருக்கு" என்று மூக்கை உறிஞ்சுவார்கள். முதலில் தேநீர் கொடுப்பேன். பிறகு இந்தக் கதையைச் சொல்வேன். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறதோ இல்லையோ, சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு துள்ளும்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் டவுனில்தான். உயர்தரம் முடித்து வீட்டில் இருந்தவளுக்கு ஆசிரிய நியமனம் வந்தது. நாலந்தாப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, அலுவிகாரையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய் இறங்கி, இரண்டு மைல் மேலே நடந்தால் ஓர் இறப்பர்த் தோட்டம். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் எனக்குக் கிடைத்தது.

தமிழருக்கெதிரான கலவரம் நடந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எரிந்த கடைகள் சில இன்னும் கூரையில்லாமலே நின்றன. வழியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். பெயரைப் படித்ததும் என்னை இன்னொரு தடவை பார்ப்பார்கள். "டவுனுக்கு மாற்றம் கேள் பிள்ளை. உனக்கேன் உந்த அலைச்சல்?" என்று அம்மா தினமும் காலையில் சாப்பாட்டுப் பார்சலோடு சேர்த்துத் தருவார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். எனக்கு ஒரே குஷி! கையில் புதுக் குடை, பையில் புதுப் பேனை இரண்டு, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. உலகத்தைத் திருத்த அது போதும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் என்பது அரைச்சுவர் வைத்த ஒரே ஒரு ஹால். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும் அதற்குள்தான். ஆசிரியர்கள் இரண்டு பேர். சின்ன வகுப்புகளை அதிபர் பார்த்தார். ஐம்பது வயது தாண்டியவர், தோட்டத்தார் அவரைப் பெரிய மாஸ்டர் என்பார்கள். எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். கூரை ஒழுகுகிறது என்றாலும் பாப்போம், வெண்கட்டி முடிந்துவிட்டது என்றாலும் பாப்போம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளை என்னிடம் தந்தார். ஐந்தாம் வகுப்பில் பதினொரு பேர்.

அந்தப் பதினொரு பேருக்கும் அதுவே கடைசி வருடம். பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்தது. ஆறாம் வகுப்பு வேண்டுமென்றால் டவுனுக்கு வர வேண்டும். அந்தக் காலத்தில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளையைத் தோட்டத்திலிருந்து தனியாகப் பஸ் ஏற்றிவிட எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? ஐந்து முடித்த பையன்கள் ஏதாவது கைவேலைக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தம்பி தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய மாஸ்டர் பாப்போம் என்று சும்மா இருக்கவில்லை. ஆறாம் வகுப்பைத் திறக்க அனுமதி தாருங்கள் என்று கல்வித் திணைக்களத்துக்கு வருடா வருடம் எழுதுவார். "இந்த வருஷம் ரெண்டு டீச்சர் இருக்கோம், புள்ளைகளும் பதினொண்ணு. இந்தத் தடவ குடுத்துருவாங்க" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகம் பள்ளிக்கூடப் பையனின் முகம் மாதிரி இருந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை. வந்த வருடமே ஒரு புது வகுப்பு!

ஆனால் என்னுடைய ஐந்தாம் வகுப்பு என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதலாவது, நேரத்துக்கு வர மாட்டார்கள். எட்டரை, எட்டே முக்கால் என்று மூச்சிரைக்க ஓடிவருவார்கள். இரண்டாவது, கையில் ஒரு நாற்றம். புளித்த பாலும் அழுகின முட்டையும் சேர்ந்தது போல. கையைக் கழுவிவிட்டு வா என்று அனுப்பினாலும் நாற்றம் போகாது. மூன்றாவது, ஒவ்வொருவர் பையிலும் இறப்பர் நாடாவைச் சுற்றிச் சுற்றிச் செய்த அழுக்குப் பந்து ஒன்று. ஹாலுக்குள் அது ஒரு துள்ளுத் துள்ளினால் ஐந்து வகுப்பும் அதன் பின்னால் போகும். நான் பறித்துப் பறித்து மேசை லாச்சியில் போட்டேன். லாச்சியை மூட முடியாமல் போனது.

நேரம் பிந்துவதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் இடாப்பு, பிள்ளைகளின் வருகையைக் குறிக்கும் பதிவேடு. எட்டேகாலுக்கு இடாப்பை மூட வேண்டும் என்பது விதி. சரியாக எட்டேகாலுக்கு மூடினேன். அதற்குப் பிறகு வந்தவர் வராதவர்தான். பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் ஒரு முட்டை. ஒரு வாரத்தில் திருந்திவிடுவார்கள் என்று நம்பினேன். ஒரு தவணையே போனது, யாரும் திருந்தவில்லை. என் பக்கங்கள் முழுக்கச் சிவப்பு முட்டை. மாத முடிவில் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை சரியாக வந்ததில் பெருமைப்பட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பரில் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. பெரிய மாஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மேற்படி பாடசாலையின் ஐந்தாம் வகுப்பு வரவு திருப்திகரமாக இல்லை, ஆகவே ஆறாம் வகுப்பு ஆரம்பிக்கும் கோரிக்கையை இப்போதைக்குப் பரிசீலிக்க முடியாது, வட்டாரக் கல்வி அதிகாரி நேரில் பார்வையிட்ட பின்னரே முடிவு செய்யப்படும். அவ்வளவுதான். நான் அதை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. வரவு என்று அவர்கள் சொல்வது என்னுடைய முட்டைகளை.

"மாஸ்டர், நான் வர்றதுக்கு முந்தி இந்த வரவு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு. நான் பழைய ஆளு டீச்சர். ஒம்பது மணிக்குத்தான் இடாப்பத் தொடுவேன். நீங்க புதுசா வந்து சட்டப்படி செஞ்சீங்க. சட்டம் பேசுற ஆளுகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரைச்சுவரில் போய்ச் சாய்ந்து கொண்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

எனக்கு வந்த வெட்கத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபமாக மாற்றிப் பிள்ளைகள் மேல் கொட்டினேன். முதலாம் ஆண்டுக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். "உங்களுக்காகத்தானே ஆறாம் வகுப்பு கேக்கிறோம்? வெள்ளனவே எழும்பி வர உங்களுக்கு என்ன கேடு?" என்று கத்தினேன். பதினொரு பேரும் தலையைக் குனிந்து கைகளை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார்கள்.

ஒக்டோபரில் முதல் பெருமழை பிடித்தது. முந்தைய இரவே தொடங்கியது விடியும்வரை விடவில்லை. டவுனில் மழை என்றால் வகுப்பு காலி, அது நான் சின்ன வயதிலிருந்து கண்டது. இந்த மழையில் எந்தப் பிள்ளை வரப்போகிறது என்று சலித்துக்கொண்டே, புதுக்குடை மடங்கிப்போய், சேலை முழங்கால்வரை சேறாகி, எட்டு மணிக்கு ஹாலுக்குள் ஏறினேன். பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்! தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள், கையில் அந்த நாற்றம் இல்லை. என்னை எதிர்பார்த்துக் கொப்பியைக்கூடத் திறந்து வைத்திருந்தார்கள்.

நான் பேயறைந்தவள் மாதிரி நின்றேன். "எப்படி இன்னைக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். முன் வரிசையில் ஒருத்தி இருந்தாள். வகுப்பிலேயே அதிகமாக முட்டை வாங்கியவள், பெருக்கல் என்றால் அழுபவள். இதைப் போய் ஒரு டீச்சர் கேட்கிறாளே என்ற மாதிரி என்னைப் பார்த்தாள். "மழை டீச்சர். மரம் நனைஞ்சிருச்சு. பால் வெட்டு இல்ல" என்றாள்.

மே மாதத்திலும் மழை பெய்திருந்தது. இடாப்பைப் புரட்டிப் பார்த்தேன், அந்த நாட்களில் முட்டையே இல்லை. அன்றைக்கும் அவர்கள் இப்படித்தான் வந்திருப்பார்கள். நான்தான் தலை நிமிராமல் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

மழை விட்டு மரம் காய்ந்த முதல் காலையில் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். அம்மாவிடம் விசேஷக் கூட்டம் என்று பொய் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு ஏறும் பாதையை விட்டு, கீழே இறப்பர் மலைக்குள் இறங்கினேன். பனி இன்னும் விலகவில்லை. முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தடதடவென்று ஓடும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பார்த்தேன். என் ஐந்தாம் வகுப்பு! மரத்துக்கு மரம் ஓடுகிறார்கள். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை ஓர் இழுப்பில் நாடாவாக உரிக்கிறார்கள், பால் பிடிக்கும் சிரட்டையைத் துடைத்து நிமிர்த்தி வைக்கிறார்கள், அடுத்த மரத்துக்குப் பறக்கிறார்கள். வகுப்பில் அசைந்து அசைந்து எழுந்து நிற்கும் பிள்ளைகள்தானா இவர்கள் என்று வாய் பிளந்து பார்த்தேன். அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது, அந்தப் பந்து எதில் செய்தது, எல்லாம் ஒரே நிமிடத்தில் விளங்கியது.

பின்னால் தாய்மார் பால் வெட்டும் கத்தியோடு வந்தார்கள். பெருக்கலுக்கு அழுகிறவளின் அம்மா என்னைக் கண்டு திடுக்கிட்டுவிட்டார்.

"டீச்சரா? என்னங்க இந்த நேரத்துல! அட்டை கடிக்கும்ங்க, மேல ஏறுங்க."

"இவங்க தெனமும் இந்த வேலை செய்றாங்களா?"

"வெயிலு ஏறிச்சின்னா மரம் பாலு குடுக்காதுங்க. அதுக்குள்ள அவ்வளவு மரத்தையும் வெட்டியாகணும். ஒட்டுப்பாலையும் நானே உரிச்சு, சிரட்டையும் தொடைச்சு, வெட்டவும் செஞ்சா முடியுமாங்க? இவ முன்னால உரிச்சுக்கிட்டே ஓடுனாத்தான் நான் பின்னால வெட்டிக்கிட்டே வரலாம்." கத்தி நிற்கவேயில்லை, பேச்சும் வெட்டும் ஒன்றாக நடந்தன.

"ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?"

"தெரியும்னு நெனைச்சோம்ங்க. பள்ளிக்கூடத்துக்குக் கீழதானங்க மலையே இருக்கு."

என் மூக்கு உடைந்தது என்றால் அப்படி உடைந்தது. பத்து மாதமாக அரைச்சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்காத டீச்சர் நான். அந்த நேரம்தான் மேலேயிருந்து மகளின் குரல் கேட்டது. "அம்மா! இன்னும் ஆறு வரிசை! வரிசைக்குப் பதினாலு! எண்பத்து நாலு மரம்தான், வெரசா வா!" கரும்பலகையில் பதினாலை ஆறால் பெருக்கச் சொன்னதற்காக அதற்கு முந்தைய வாரம்தான் அந்தப் பிள்ளை என் முன்னால் கண்ணீர் விட்டிருந்தாள்.

நான் ஓடினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து பள்ளிக்கூடம்வரை ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்டால் தெரியாது, நடக்க முடியவில்லை. அன்றைய பாடக்குறிப்பை மூடி வைத்துவிட்டு லாச்சியிலிருந்த பந்துகளையெல்லாம் மேசையில் கொட்டினேன். பிள்ளைகள் எட்டே முக்காலுக்கு ஓடிவந்தபோது அடி விழப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும், வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "வாங்க, வந்து அவங்கவங்க பந்தை எடுத்துக்குங்க. ஒரு நூலும் எடுங்க" என்றேன். பந்துகளைச் சுற்றி நூல் பிடித்துச் சுற்றளவு எடுத்தோம். பெரியது சின்னது வரிசைப்படுத்தினோம். மலையை வரைந்து மரங்களை வரிசை வரிசையாகப் பெருக்கினோம். கொஞ்ச நேரத்தில் நான் கேள்வி கேட்பது நின்று, அவர்கள் எனக்குக் கேள்வி போடத் தொடங்கினார்கள். "டீச்சர், எங்க மலையில இருபத்தோரு வரிசை, அதுல மூணு வரிசையில ரெண்டு ரெண்டு மரம் செத்துப்போச்சு, இப்ப சொல்லுங்க!" நான் விரல் மடக்கினேன். அவர்கள் சிரித்துச் சிரித்து மேசையில் விழுந்தார்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். அப்படி ஒரு காலை உங்களுக்கும் வரும். எந்த மாதம் என்று சொல்ல முடியாது, எனக்கு ஒக்டோபரில் வந்தது. அதுவரை நீங்கள் செய்த கூத்தெல்லாம் அன்றைக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியும், வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அது வெட்கத்தை விழுங்கிவிடும்.

நேரசூசியில் பாட வேளைகளை மாற்றலாமா என்று பெரிய மாஸ்டரிடம் கேட்டேன். காலை முதல் மணியில் நான்காம் வகுப்பை நன்றாகப் படிப்பித்து விடுகிறேன், ஐந்துக்குப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் கூட எடுக்கிறேன் என்றேன். பாப்போம் என்பார் என்று எதிர்பார்த்தேன். "நான் ஒண்ணும் பாக்கல டீச்சர்" என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு வேலை தொடங்கியது. இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றரைக்கு ஏறுவேன். நாட்டு நிலைமை அப்படி, கொஞ்சம் பிந்தினால் அம்மா வாசலில் நிற்பார். "எங்கை பிள்ளை நிண்டனீ? பஸ் ஓடாட்டி என்ன செய்யிறது?" என்று ஏசுவார். எனக்குச் சிரிப்பு வரும்.

இடாப்பில் மட்டும் என் பிடிவாதம் போகவில்லை. எட்டேகாலுக்கு வராதவரை வந்ததாக எழுதக் கை வரவில்லை. முட்டையைப் போட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் அவர்கள் வந்த நேரத்தைக் குறித்தேன். அதனால் ஆறாம் வகுப்பு கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்காதுதான். முட்டை முட்டைதானே.

நவம்பர் தொடக்கத்தில், நல்ல வெயில் எறித்த ஒரு காலையில், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வட்டாரக் கல்வி அதிகாரி. முன்னறிவித்தல் ஒன்றும் இல்லை. மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் மனிதர், பெரிய உடம்பு, நெற்றியில் தொழுகைத் தழும்பு. வந்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு ஐம்பது. "ஐந்தாம் வகுப்பு எங்க?" என்றார். என் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்தாம் வகுப்பு உட்காரும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடாப்பைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"என்ன டீச்சர் இது? கோழிப் பண்ணையா? இவ்வளவு முட்டை!"

எட்டேகால் ஆனது. பேனையை எடுத்தார். அவர் எழுதப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். அதோடு பதினொரு பிள்ளைகளின் படிப்பு முடிந்தது.

எனக்கு முன்கோபம். அது அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியம் செய்தது. "எழுதாதீங்க சேர்!" என்று கத்திவிட்டேன். ஹாலில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் அடங்கிவிட்டன. பெரிய மாஸ்டரின் கையிலிருந்த வெண்கட்டி விழுந்தது. "அந்த முட்டை எல்லாம் நான் போட்டது. முட்டை இல்லாத நாளைப் பாருங்க. மே பதினாலு. பதினொரு பேரும் வந்திருக்காங்க. மே பதினைஞ்சு, பதினொரு பேர். மே இருபத்து மூணு. அந்த நாளெல்லாம் மழை சேர். பால் வெட்டு இல்லாத நாள். ஒரு நாள்கூட இந்தப் புள்ளைங்க படிப்பை விட்டுட்டு விளையாடப் போகல" என்றேன். மூச்சு வாங்கியது.

"மழையெண்டு நீங்க சொல்றீங்க. அதுக்கு என்ன அத்தாட்சி ஈக்கி?" என்றார்.

என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. அவர் ஏதோ நினைவுக்கு வந்தது போல, தோல் பையைத் திறந்து ஒரு டயரியை எடுத்தார். அதிகாரிகள் தினமும் எங்கே போனோம், ஏன் போகவில்லை என்று எழுதி வைக்கும் டயரி. "மே பதினாலு எண்டீங்களே?" என்று எச்சில் தொட்டுப் புரட்டினார். அவர் புருவம் ஏறியது. "கடும் மழை. பயணம் இல்ல."

"பதினைஞ்சு?"

"பதினைஞ்சு... மழை. பாலத்துல நின்டு நனைஞ்சு திரும்பி வந்த." அவர் குரல் மாறிவிட்டது. "நீங்க திகதியச் சொல்லுங்க டீச்சர், நான் இதுல பாக்குறன்."

நான் சொல்லச் சொல்ல அவர் புரட்டினார். இருபத்து மூன்று, மழை. ஒக்டோபர் எல்லாம் மழை, மழை, மழை. பெரிய மாஸ்டர் வகுப்பை விட்டுவிட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அதற்குள் என் பதினொரு பேரும் மூச்சிரைக்க வந்து வாசலில் குவிந்துவிட்டார்கள். யார் இந்தப் பெரிய ஆள், ஏன் டீச்சர் கத்துகிறாள் என்று பயந்து பார்த்தவர்கள், கொஞ்ச நேரத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு திகதியில் இடித்தது. "ஜூன் ஆறு. என்ட டயரியில மழை. உங்கட இடாப்புல ஏழு முட்டை." அந்த நேரம், பெருக்கலுக்கு அழுகிறவள், அதுவரை ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் வாயே திறக்காதவள், வாசலில் இருந்தபடியே சொன்னாள். "அது டவுன்ல பெஞ்ச மழை சேர். இங்க தூறல்தான். நாலு பேரோட அம்மாவுக்கு மட்டும் கீழ் மலை, அங்க மரம் நனைஞ்சிருச்சு. மத்த ஏழு பேருக்கும் வேலை இருந்துச்சு."

ஏழு! அதிகாரி இடாப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டயரியை மூடினார். வயிறு குலுங்கச் சிரித்தார். "உள்ளுக்கு வாங்க எல்லாரும்" என்றார். அன்று இரண்டு மணிவரை போகவில்லை. எங்கள் கணக்குப் பாடத்தில் ஒரு வாங்கில் நெருக்கி உட்கார்ந்து, பிள்ளைகள் போட்ட மரக் கணக்கில் இரண்டு தடவை பிழை விட்டார். போகும்போது, "எழுதிப் போடுறன். மேல என்ன சொல்லுவாங்களோ தெரியாது. அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும்" என்றார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அம்மா எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

டிசெம்பரில் அனுமதி வந்தது. ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும். புதிய ஆசிரியர் தரப்பட மாட்டார். அதோடு ஒரு நிபந்தனை: ஆறாம் வகுப்பின் வரவு எட்டேகாலுக்கு மூடிய இடாப்பின்படியே கணக்கிலெடுக்கப்படும். மழைக்கும் வெயிலுக்கும் மேலிடத்தில் வித்தியாசம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பெரிய மாஸ்டரும் லயத்துக்குப் போய்க் கடிதத்தைப் படித்துக் காட்டினோம். வெயில் நாளிலும் எட்டேகாலுக்குள் பிள்ளைகள் வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் வகுப்பு இல்லை. ஒரு அப்பா, "முந்நூறு மரம் டீச்சர். அத யாரு உரிக்கிறது?" என்று கேட்டார். கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை, அவர்களுடைய கையை நான் பார்த்திருந்தேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த நாள் மழை வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். விடிந்து பார்த்தால் ஒரு துளி மேகம் இல்லை. பஸ்ஸில் வரும்போதே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன், எல்லாம் காய்ந்து பளிச்சென்று நின்றன. ஹாலின் கடைசி மூலையில் மூன்று வாங்கு போட்டு, பெரிய மாஸ்டர் கரும்பலகையில் ஆறாம் வகுப்பு என்று அழகாக எழுதி வைத்திருந்தார். வாங்குகளில் யாரும் இல்லை. நான் புது இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தேன்.

ஏழே முக்காலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு மூன்று பேர் ஒன்றாக. பிறகு ஒருவன், கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே. எட்டு மணிக்கு ஒன்பது பேர். எட்டு ஐந்துக்குப் பத்து. "எப்படிடா?" என்று கேட்டேன். "மூணு மணிக்கே அம்மாவும் அப்பாவும் லாம்ப எடுத்துட்டு மலைக்குப் போயிட்டாங்க டீச்சர்" என்றான் ஒருவன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

பெருக்கலுக்கு அழுகிறவள் மட்டும் வரவில்லை. எட்டு பத்து. எட்டு பன்னிரண்டு. பெரிய மாஸ்டர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். எட்டு பதின்மூன்றுக்குக் கீழே பாதையில் ஒரு சத்தம்.

"டீச்சர்! மூடிறாதீங்க! இடாப்ப மூடிறாதீங்க!"

அவள் அம்மா. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கையெல்லாம் பால் காய்ந்து வெள்ளையாக, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறி வருகிறார். வேலை நேரத்தில் மலையை விட்டு அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினார். "ஒட்டுப்பாலு அம்புட்டும் நானே உரிச்சேங்க. இவள ஏழு மணிக்கே அனுப்பிட்டேன். ஆறாம் வகுப்புன்னு புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தேன், அழுக்காயிரும்னு கல்லு கல்லாப் பாத்துக் கால வச்சுக்கிட்டு நிக்கிறா பாதையில! எங்க மேல தப்பில்லீங்க. இவள வேணா அடிங்க, முட்டை மட்டும் போட்டுறாதீங்க."

மணிக்கூட்டில் எட்டு பதினாலு. நான் அழுதேன், பிள்ளைகளுக்கு முன்னாலேயே. அழுதுகொண்டே வரவு என்ற இடத்தில் பதினொன்று என்று எழுதினேன். இரண்டு ஒன்றுகளும் கோணலாக விழுந்தன.